எல்லா முறையும் அன்னலட்சுமிக்கே

உங்களில் பாதிப் பேர் பல்கலைக்கழகத்திலிருந்து நேரே வந்தவர்கள். சிலர் என்னைப் போலப் பாடசாலையில் படிப்பிப்பதை விட்டுவிட்டு வந்தவர்கள் என்று, உங்களை வேலைக்கு எடுத்த நிரோஷா சொன்னாள். அந்தச் சிலர் கொஞ்சம் கூடுதலாகக் காது கொடுத்தால் நல்லது. ஒரு இணையத்தளத்தை எப்படிக் கட்டுவது என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. நான் வேலை செய்த காலத்தில் பாவித்தவற்றில் பெரும்பகுதியை இப்போது ஒருவரும் தொடுவதில்லையாம். மனிதர்கள் அவ்வளவு விரைவில் பழசாகிப் போவதில்லை என்ற தைரியத்தில், உப்புவெளியில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நான் திருகோணமலை நகரத்தில் கணக்குப் படிப்பித்தவள். நல்ல ஆசிரியை என்று சொன்னவர்கள் உண்டு. பயங்கரமான ஆசிரியை என்று சொன்னவர்கள் அதைவிடக் கூட. நான் பிரம்பு வைத்திருந்ததில்லை. ஏன் பயந்தார்கள் என்று எனக்கு நெடுநாள் விளங்கவில்லை.

பாடசாலையில் ஒரு கண்காட்சிக்காக இணையப் பக்கம் ஒன்று செய்யச் சொல்லி அதிபர் என் தலையில் கட்டினார். அதற்காகக் கணினியின் முன் இருந்தவள்தான், பிறகு எழும்பவில்லை. காரணம் எளிது. வகுப்பில் "விளங்கினதோ?" என்று கேட்டால் எல்லாத் தலையும் ஆடும். பரீட்சைத் தாளைத் திருத்தும்போதுதான் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்று தெரியவரும். கணினி தலையாட்டவில்லை. பிழையாக எழுதினால் பிழை என்று அந்த இடத்திலேயே சொன்னது. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு ஒரு நேர்மையான மாணவன் கிடைத்ததுபோல் இருந்தது.

பின்னேர வகுப்புக்குப் போய்ப் படித்தேன். முன்கூட்டியே ஓய்வு கேட்டு எழுதினேன். என் கணவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இஞ்சாரும், பென்சன் எடுக்கிற வயதில, படிப்பிச்ச பிள்ளையளுக்குக் கீழ போய் வேலை செய்யப் போறீரோ?"

"மேல இருந்து பாத்தாச்சு. இனிக் கீழ இருந்தும் ஒருக்காப் பாப்பம்" என்றேன்.

அவர் பகிடியாகச் சொன்னதுதான் நடந்தது. நகரத்தில் அப்போது இந்த வேலை செய்த ஒரே நிறுவனம், உள்துறைமுக வீதிப் பக்கம், கயிறும் வலையும் விற்கும் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது. அதை நடத்தியவன் சுதாகரன், என் பழைய மாணவன். அங்கே வேலை செய்தவர்களில் பாதிப் பேரும் என்னிடம் படித்தவர்கள்.

நேர்முகத் தேர்வுக்குப் போனேன். சுதாகரன் எழுந்து நின்றான். நான் "இரும்" என்றதும் உட்கார்ந்தான். கேள்வி கேட்க வேண்டியவன் அவன், ஆனால் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனம் எனக்குப் பொறுக்காமல், நிறுவனத்தில் எத்தனை பேர், என்ன வேலைகள் கையில் இருக்கின்றன, ஏன் வாசலில் செருப்புகள் இப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்று நானே கேட்கத் தொடங்கினேன். வியர்வையைத் துடைத்துத் துடைத்துப் பதில் சொன்னான். கடைசியில் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். படியால் இறங்கும்போதுதான் எனக்கு வேலை தந்தானா இல்லையா என்று கேட்க மறந்தது நினைவுக்கு வந்தது. திரும்பி ஏறிப் போய்க் கேட்டேன். "திங்கட்கிழமை வாங்கோ டீச்சர்" என்றான், திரும்பவும் எழுந்து நின்றுகொண்டு.

திங்கட்கிழமை நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து, வகுப்பில் இழுப்பதுபோல் இழுத்து, "வணக்கம் டீச்சர்" என்றார்கள். விடுதி ஒன்றிலிருந்து வந்திருந்த வாடிக்கையாளரும் என்ன ஏதென்று தெரியாமல் கூட எழுந்து நின்றார். பழக்கதோஷத்தில் நானும் "இருங்கோ" என்றேன். எல்லோரும் இருந்தார்கள். அவரும் இருந்தார்.

என் பக்கத்து மேசை நிரோஷாவுக்கு. என்னிடம் படித்தவர்களில் கெட்டிக்காரி, அதிகம் கதைக்காதவள். கணினிக்கு நான் எழுதும் நிரல்களைப் பார்த்துப் பிழை சொல்வது அவள் பொறுப்பு. நிரலுக்கு நடுவே கணினி வாசிக்காத குறிப்புகளை எழுதலாம் அல்லவா, அவற்றை நான் பாடக்குறிப்புப் போலவே எழுதினேன். "இப்போது நாம் கழித்தலைச் செய்வோம். ஏன் கழிக்கிறோம் என்பதைக் கவனிக்க" என்ற மாதிரி. நிரல் கையளவு இருந்தால் குறிப்பு முழங்கையளவு இருக்கும். நிரோஷா எல்லாவற்றையும் பொறுமையாக வாசித்துவிட்டு ஒவ்வொரு முறையும் ஒரே வசனத்தைத்தான் சொன்னாள்.

"நல்லா இருக்கு டீச்சர்."

மாதக்கணக்கில் ஒரு பிழையும் வரவில்லை, கொடுத்ததை நான் திரும்பத் திறந்து பார்க்கவும் இல்லை. எனக்கு இது பிறவியிலேயே அமைந்த திறமை போலும் என்று கணவரிடம் சொன்னேன். அவரும் நம்பினார். ஒரு வகுப்பில் எல்லா விடையும் சரியாக வந்தால் முதலில் என்ன நினைக்க வேண்டும் என்பது எந்த ஆசிரியருக்கும் தெரியும். பிள்ளைகள் பார்த்து எழுதினால் ஒரு நொடியில் கண்டுபிடிக்கிற எனக்கு, எனக்கே அது நடக்கும்போது கண் தெரியவில்லை. புகழ்ச்சிக்கு அந்தக் குணம் உண்டு.

அந்தச் சமயத்தில்தான் உப்புவெளிப் படகுக்காரர்களின் சங்கம் எங்களிடம் வந்தது. சுற்றுலாப் பயணிகளைத் திமிங்கிலம் பார்க்கக் கடலுக்குக் கூட்டிப்போகிறவர்கள். எந்தப் படகு எப்போது போவது என்ற முறை கடற்கரையில் சத்தம் போட்டுத்தான் தீர்மானிக்கப்பட்டு வந்தது. போன பருவத்தில் அந்தச் சத்தம் கைகலப்பாகி, ஒருவருக்குத் தலையில் தையல் போட வேண்டி வந்தது. பயணிகள் இணையத்தில் பதிவு செய்ய, முறையை இணையத்தளமே ஒழுங்காகப் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். எங்கள் சின்ன நிறுவனத்துக்கு அது பெரிய வேலை. அது சரியாக அமைந்தால் கரையோர விடுதிகள் எல்லாம் எங்களைத் தேடி வரும். பிழைத்தால் எங்கள் பெயர் கெடும் என்பது ஒரு புறம். கடற்கரையில் திரும்பவும் மண்டை உடையும் என்பது மறு புறம்.

முறை பகிரும் பகுதியை நான்தான் எழுதினேன். செய்து காட்டுகிற நாளுக்கு முதல் நாள் நானே போட்டுப் பார்த்தேன். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காக வந்தன. நிரோஷா வழக்கம்போல "நல்லா இருக்கு டீச்சர்" என்றாள். சுதாகரனுக்கு வேறொரு வாடிக்கையாளர் இருந்தார்.

"நீங்கள் தனியப் போங்கோ டீச்சர். கூட்டத்தைச் சமாளிக்க உங்களை விட்டா ஆர் இருக்கினம்?" என்றான்.

மறுநாள் காலை வீட்டிலிருந்து நேரே பேருந்து ஏறி உப்புவெளிக்குப் போனேன்.

சங்கக் கட்டடம் கடற்கரையை ஒட்டி இருந்தது. தலைவர் கனகசபை வாசலுக்கே வந்து வரவேற்றார். வெள்ளை வேட்டி, திருநீறு, கடல் முழுக்கக் கேட்கும் குரல்.

"அட, நீங்களோ? எங்கட மூத்தவளுக்குக் கணக்குப் படிப்பிச்ச டீச்சரெல்லோ. உங்களால தான் அவள் பாஸ் பண்ணினவள். வாங்கோ, இளநி குடியுங்கோ."

அவரே இளநீர் வெட்டிக் கொண்டுவந்து தந்தார், தன் கதிரையிலேயே என்னை உட்கார வைத்தார். உள்ளே இருந்த படகுக்காரர் அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மரியாதை எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அது என்னை எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்திருந்தால் தாகத்தோடேயே இருந்திருப்பேன்.

திரைக்குப் பதில் ஒரு வேட்டியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். கடற்காற்று அதைப் பாய்போல உப்ப வைத்ததால் எழுத்துகள் கர்ப்பமாகித் தெரிந்தன. தலைவர் எழுந்து பேசினார். "மனிசன் எண்டா தன்ர ஆக்களைப் பாப்பான். மிசினுக்குத் தம்பியும் இல்லை, மச்சானும் இல்லை. அதால இனிச் சண்டை இல்லை" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

பயணியாக நடிக்க ஒருவரைக் கூப்பிட்டேன். யோகன் என்ற படகுக்காரர் முன்வந்தார். போன பருவத்தில் தலையில் தையல் வாங்கியவர் அவர்தான். தான் ஜேர்மன்காரன் என்றும் தன் பெயர் ஹான்ஸ் என்றும் சொல்லி, காலைப் பயணம் ஒன்றைப் பதிவு செய்தார். வேட்டியில் பெயர் விழுந்தது: அன்னலட்சுமி. அது தலைவருடைய படகு. பட்டியலில் அகரவரிசைப்படி முதலாவது. திரும்பவும் கைதட்டல்.

இரண்டாவது ஆள் பதிவு செய்தார். அன்னலட்சுமி.

மூன்றாவது ஆளுக்கும் அன்னலட்சுமி. கைதட்டல் நின்றுபோயிருந்தது. ஹான்ஸ் ஜேர்மனியை விட்டுவிட்டு யோகனாகத் திரும்பி வந்தார்.

"தலைவர், மிசினுக்குத் தம்பி மச்சான் இல்லையெண்டியள். பெரியப்பா இருக்கிறார் போல" என்றார்.

"நான் இந்த மிசினை இண்டைக்குத்தான் காணுறன்" என்றார் தலைவர்.

"மிசினைக் காணயில்லை, சரி. டீச்சரைத் தெரியுந்தானே? இளநி குடுத்ததை நாங்கள் எல்லாரும் பாத்தனாங்கள்."

கதிரைகள் பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. தலைவர் நேர்மையான மனிதர். அதனாலேயே அவருக்கு முகம் சிவந்துவிட்டது. நான் எதற்கும் இருக்கட்டும் என்று இளநீர்க் கோம்பையைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினேன். நிரலைத் திறந்து பார்த்தேன்.

அது என்னுடையது அல்ல.

நான் எழுதியது பக்கம் பக்கமாக நீளும். இங்கே இருந்தது அரைப் பக்கம்கூட இல்லை. என் குறிப்புகளில் ஒன்றுகூட இல்லை. என் குசினிக்குள் யாரோ புகுந்து, சட்டி பானை எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. எங்கே உப்பு, எங்கே மிளகாய்த்தூள் என்று தெரியாமல் நின்றேன். அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஸ்பீக்கரில போடுங்கோ" என்றார் யோகன். "எங்களுக்கும் கேக்கவேணும்."

போட்டேன். மறுக்க முடியாத நிலை. சுதாகரன் எடுத்தான். நடந்ததைச் சொன்னேன். ஸ்பீக்கரில் இருக்கிறோம் என்று தெரியாமல், தணிந்த குரலில் சொன்னான்.

"டீச்சர், கரண்ட் போயிட்டுதெண்டு சொல்லிப்போட்டு மெல்ல வாங்கோ."

மண்டபம் முழுவதும் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தது. மின்விசிறி நன்றாகச் சுழன்றுகொண்டிருந்தது.

"தம்பி, கரண்ட் இருக்கு" என்றார் யோகன், தொலைபேசியைப் பார்த்து.

மறுமுனையில் ஏதோ விழுந்த சத்தம். பிறகு நிரோஷாவின் குரல் வந்தது. அவள் அழுவதற்கு முன்னால் மூக்கை உறிஞ்சும் விதம் எனக்குப் பத்தாம் வகுப்பிலிருந்தே தெரியும்.

"டீச்சர், குறை நினையாதேங்கோ. அது நான் மாத்தினது. உங்கட புரோகிராம்ல ஒரு பிழை இருந்தது. ஆரும் வரேல்லையெண்டு பதிவை வெட்டினா, அடுத்த படகின்ர முறை தவறிப்போகும். நேற்று நீங்கள் போனாப்பிறகு தளத்திலயே திருத்தினனான்."

"என்னட்டை ஏன் சொல்லயில்லை?"

திரும்பவும் மூக்கை உறிஞ்சினாள்.

"இதுக்கு முந்தியும் இப்பிடித் திருத்தியிருக்கிறீரோ?"

"ஓம் டீச்சர்."

"எத்தினை தரம்?"

"நீங்கள் வந்த நாளில இருந்து, டீச்சர்."

மாதக்கணக்காக நான் சேர்த்து வைத்திருந்த "நல்லா இருக்கு டீச்சர்" எல்லாம் ஒரே நேரத்தில் என் காதுக்குள் வந்து போயின. பின்வரிசையில் யாரோ ஒருவர், "பாவம், டீச்சருக்குப் பிழை எண்டு சொல்ல அந்தப் பிள்ளைக்கு எப்பிடி ஏலும்?" என்றார். இன்னொருவர், "எங்கட தலைவருக்குச் சொல்ல ஏலுமோ?" என்றார்.

"ஆரது? என்ன சொன்னனீ?" என்று தலைவர் திரும்பினார்.

"ஒண்டுமில்லை அண்ணை."

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? மடிக்கணினியை மூடிக்கொண்டு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லலாம். கடற்கரையில் யாரும் அதை நம்பியிருக்கமாட்டார்கள். நான் போய் இரவோடிரவாகத் தலைவருக்கு ஏற்றதுபோல் செய்து கொண்டுவருவேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். தலைவரின் மரியாதை அன்றோடு போயிருக்கும். எனக்கு அழுகை வந்தது, கோபம் வந்தது, பசியும் வந்தது. ஆனால் கரும்பலகையில் கணக்குப் பிழைத்துப்போன அனுபவம் எனக்கு நிறைய உண்டு. அப்போது செய்யக்கூடாதது ஒன்று: அவசரமாக அழிப்பது. அழித்தால் பிள்ளைகள் உங்களை நம்பமாட்டார்கள். அப்படியே விட்டுவிட்டு, எந்த வரியில் பிழைத்தது என்று அவர்களுக்கு முன்னாலேயே தேட வேண்டும்.

நிரலை அப்படியே வேட்டியில் போட்டேன். "இதுதான் உள்ளுக்கு இருக்கிறது. ஒளிக்க ஒண்டும் இல்லை. நாங்கள் தேடுறதை நீங்களும் பாருங்கோ" என்றேன். தொலைபேசியில், "பிள்ளை, மூக்கைத் துடைச்சுப்போட்டு முதல் வரியில இருந்து சொல்லும்" என்றேன்.

அவள் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொரு வரியையும் தமிழில் விளக்கினேன். படகுக்காரர்கள் உப்பிய வேட்டியை இரண்டு பக்கமும் பிடித்து நேராக்கிக் கொடுத்தார்கள். நடுவில் நிரோஷா சொல்வதை நிறுத்தினாள்.

"டீச்சர், கண்டிட்டன். சோதிச்சுப் பாக்கிறதுக்காக எப்பவும் முதலாவது படகையே காட்டு எண்டு ஒரு வரி போட்டனான். எடுக்க மறந்திட்டன். அவசரத்தில செய்தது. நீங்கள் திரும்பி வந்திருவியளோ எண்டு பயம்."

அந்த வரியை அவர்கள் கண் முன்னாலேயே எடுத்தேன். யோகன் திரும்பவும் ஹான்ஸ் ஆனார். அன்னலட்சுமி வந்தது. எல்லோரும் வேட்டியை நோக்கிக் குனிந்தார்கள். அடுத்த ஆளுக்குக் கடலரசி வந்தது. கடலரசி யோகனுடைய படகு. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டார்.

"வெள்ளைக்காரன் புக் பண்ணிப்போட்டு வராமல் விட்டா?" என்று ஒருவர் கேட்டார்.

ஒரு பதிவை வெட்டிக் காட்டினேன். முறை தவறவில்லை.

"இது நான் எழுதினபடி இருந்திருந்தா இந்த இடத்தில பிழைச்சிருக்கும். இதைச் சரியாக்கினது போனில கதைச்ச பிள்ளைதான்" என்றேன்.

படகுக்காரர்கள் வெளியே போய்க் கூடிக் கதைத்தார்கள். திரும்பி வந்து, ஒரு மாதம் பாவித்துப் பார்க்கிறோம், ஆனால் பிழை வந்தால் முதலில் எங்களுக்குச் சொல்ல வேண்டும், கரண்ட் போனது என்று சொல்லக்கூடாது என்றார்கள். சம்மதித்தேன். தலைவர் தன் படகைப் பட்டியலில் கடைசியில் போடச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார். எங்கே போட்டாலும் முறை ஒன்றுதான் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. போட்டேன்.

பேருந்தில் திரும்பும்போதுதான் எல்லாம் உறைத்தது. கூட்டத்தில் நிற்கும்வரை தைரியமாக இருந்தவளுக்கு, யன்னலோரத்தில் தனியே இருந்ததும் அந்தத் தைரியம் போய்விட்டது. என்னை முட்டாளாக்கிவிட்டார்கள் என்று ஒரு கோபம். அவர்கள் என்னைக் காப்பாற்றத்தான் செய்தார்கள் என்பது அதைவிடப் பெரிய கோபம். வேலையை விட்டுவிடலாம் என்று வீடு வரும்வரை யோசித்தேன். கணவரிடம் எல்லாம் சொன்னேன். அவர் ஆறுதல் சொல்லாமல், "அப்ப பிறவித் திறமை இல்லையோ?" என்று மட்டும் கேட்டார். எனக்கு எப்படியோ சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் அலுவலகத்தில், இதெல்லாம் முன்பே தெரிந்திருந்த அத்தனை பேரும் யன்னல் கண்ணாடியை உடைத்த பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றார்கள். நான் நிரோஷாவின் முன்னால் ஒரு கதிரையைப் போட்டு இருந்து, "நான் எழுதின எல்லாத்தையும் ஒவ்வொண்டா எடும். பிழையைச் சொல்லும்" என்றேன். அவள் தொடங்கினாள், நிறுத்தினாள். தொடங்கினாள், நிறுத்தினாள்.

"என்ன பிள்ளை?"

"உங்கட முகம், டீச்சர்."

"என்ர முகத்துக்கு என்ன?"

"கணக்குப் பிழைச்சா நீங்கள் பாக்கிற பார்வை. இப்பவும் அப்பிடித்தான் பாக்கிறியள்."

முகத்தை மாற்றிப் பார்த்தேன். சிரித்துப் பார்த்தேன். அது இன்னும் பயமாக இருக்கிறது என்று சுதாகரன் தூரத்திலிருந்து சொன்னான். கடைசியில் கதிரையைத் தூக்கி அவளுக்குப் பக்கத்தில் போட்டேன். இரண்டு பேரும் திரையையே பார்த்தோம். என் முகத்தை அவள் பார்க்கவில்லை, அவள் நடுக்கத்தை நான் பார்க்கவில்லை. அதன் பிறகு அவள் நிறுத்தவே இல்லை. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் பிழைகளாகச் சொன்னாள். என் குறிப்புகளை எல்லாம் ஏன் எடுத்தீர் என்று மட்டும் ஒருமுறை கேட்டேன். "அதில எழுத்துப் பிழையும் இருந்தது டீச்சர்" என்றாள்.

ஆகவே வேறு தொழிலிலிருந்து வந்தவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பழைய தொழிலின் மரியாதை உங்களுக்கு முன்னாலேயே அலுவலகத்துக்கு வந்து கதிரையில் இருக்கும். அது உங்களுக்கு ஒரு உதவியும் செய்யாது. உங்களிடம் பிழை சொல்ல மற்றவர்களுக்கு வழி செய்து கொடுப்பது உங்கள் வேலை, அவர்களுடைய வேலை அல்ல. இளையவர்களுக்கு: அன்பினால் ஒளித்துத் திருத்தாதீர்கள். அது கடைசியில் ஸ்பீக்கரில்தான் வெளியே வரும்.

இப்படிப் பல மாதம் போனது. ஒரு நாள் மழை, விடுதிக்காரர் ஒருவர் ஏதோ கதைக்க வந்திருந்தார். அலுவலகமே நிறைந்திருந்தது. நிரோஷா தன் மேசையிலிருந்து தலையைத் தூக்காமலே, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

"டீச்சர், இது என்ன விசர் வேலை பாத்து வைச்சிருக்கிறியள்?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்தினாள். சுதாகரன் எழுந்து நின்றான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அவள் காட்டிய இடம் உண்மையிலேயே விசர் வேலைதான், பைத்தியம் பிடித்தவள் எழுதியதுபோல்.

"ஓம்" என்றேன். "கதிரையை இஞ்சால இழும், பாப்பம்."